சொல்லின் வாலா, சொல்லின் இடமா? ஆங்கிலத்தில் பெயர், வினை, பெயரடை கண்டுபிடிக்க எது கைகொடுக்கும்

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இப்படிப்பட்ட பாதைகளின் பலகைகளில் வரும் பென்ட், டிரைவ், ஸ்லோ ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களும் நீலகிரிப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழகியவை. ஆனால் இவற்றில் எது பெயர், எது வினை, எது பெயரடை என்று கேட்டால் ஆறாம் வகுப்பிலும் தடுமாறுவார்கள்.

வகுப்பறையில் மூன்று வழிகள் புழங்குகின்றன. முதலாவது, பொருளைப் பார்ப்பது: செயலைக் குறித்தால் வினை. இதை விட்டுவிடலாம். 'ஜர்னி' (பயணம்) செயல்தான், ஆனால் பெரும்பாலும் பெயர். 'பிலாங்' (சொந்தமாக இருப்பது) செயலே இல்லை, ஆனால் வினை.

இரண்டாவது, வாலைப் பார்ப்பது. '-மென்ட்', '-நெஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர், '-ஃபுல்', '-லெஸ்' பெயரடை, '-ஃபை' வினை. மேல்வகுப்புப் பாடங்களின் நீளச் சொற்களுக்கு இதுவே வேகமான வழி, மறுக்கவில்லை. ஆனால் 'டீச்சர்' பெயர், 'டால்' (உயரமான) என்பதிலிருந்து வரும் 'டாலர்' (அதிக உயரமான) பெயரடை, இரண்டுக்கும் '-அர்' என்ற வால் ஒன்றுதான். பெயரடையான 'ஃபிரெண்ட்லி'யின் '-லி' வாலைப் பார்த்து வினையடை என்று எழுதி மதிப்பெண்ணை விடுபவர்கள் ஏராளம்.

இதைவிடப் பெரிய குறை, அன்றாடச் சொற்களுக்கு வாலே கிடையாது என்பது. டிரை, கூல், ப்ளான்ட், லைட், வாட்டர் எல்லாம் மொட்டையாக நிற்பவை. தமிழில் 'அழகு', 'அழகான', 'அழகாக' என்று சொல்லின் ஈறே வகையைக் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்திலும் ஈற்றைத் தேடுகிறது. அங்கே வகையைத் தருவது சொல் நிற்கும் இடம். 'டிரை வுட்' என்றால் காய்ந்த விறகு, பெயரடை. 'டிரை தி லீவ்ஸ்' என்றால் இலையைக் காயவை, வினை. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதனால் மூன்றாவது வழியான இடச் சோதனைதான் என் தேர்வு. சொல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள். வாக்கியத்தோடு கொடுத்து, இந்த வரிசையில் கேளுங்கள்.

முதலில் வினை. வாக்கியத்தின் முன்னால் 'எஸ்டர்டே' போட்டால் எந்தச் சொல் மாறுகிறது? 'தே ப்ளக் லீவ்ஸ்' என்பதில் 'ப்ளக்ட்' ஆகிறது, அதுதான் வினை. 'கட்', 'புட்', 'ஷட்' மாறாது. அப்போது எழுவாயை 'ஷீ' ஆக்குங்கள்; 'கட்ஸ்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து பெயர். முன்னால் 'தி' வைத்து அங்கேயே நிறுத்த முடிகிறதா? 'தி ஸ்டீப் ரோடு' என்பதில் 'தி'க்கு அடுத்து நிற்பதாலேயே 'ஸ்டீப்'பைப் பெயர் என்பார்கள். 'தி ஸ்டீப்' என்று நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், தொங்கும். 'தி ரோடு' நிற்கும்.

கடைசியாகப் பெயரடை. 'எ வெரி ___ பஸ்' என்ற முழுச் சட்டத்தில் பொருத்துங்கள். வெறும் 'வெரி' போதாது, 'வெரி ஸ்லோலி' என்று வினையடையும் நுழைந்துவிடும். பின்னால் 'பஸ்' இருந்தால் 'ஸ்லோ' மட்டுமே உட்காரும். பஸ்ஸுக்குப் பொருந்தாத சொல்லுக்கு ரோடு, டீ என்று பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

'டீ ஃபேக்டரி'யில் 'டீ' பெயரடையின் இடத்தில் நிற்கிறது. ஆனால் 'எ வெரி டீ ஃபேக்டரி' வராது, அது பெயரேதான். 'தேயிலைத் தொழிற்சாலை'யில் தேயிலை பெயராகவே இருப்பதைக் காட்டினால் பிள்ளைக்கு உடனே பிடிபடும். 'மெயின் ரோடு' மட்டும் சிக்கல்: 'வெரி மெயின்' வராது, ஆனாலும் 'மெயின்' பெயரடைதான். அப்படிப்பட்ட சொற்களைத் தனிப் பட்டியலாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பதைத் தவிர வழியில்லை.