விரலா, பிக்கா? பேஸ் கிட்டாரோடு மேடை ஏறும்போது

வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி தரும் கிட்டார், வாசித்தால் எனக்கு எப்போதும் விரல்தான் பிடிக்கும். சதை தந்தியில் படுவது, நோட்டு (சுரம்) மெல்லத் திறந்துகொள்வது, ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி அழுத்தம் கொடுக்க முடிவது எல்லாம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். அதே கையோடு ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை ஏறினால் கதை வேறு. தகரக் கூரை, டைல்ஸ் ஒட்டிய சுவர், மேடைக்குக் கீழே சப்-ஊஃபர்கள் (கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்கள்). நான் வாசித்த நோட்டு கூரையில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன். அதனால் தந்தியை விரலால் மீட்டுவதா, பிக் என்ற சிறு தகட்டால் அடிப்பதா என்ற இந்த அலசல் மேடையை மட்டும் மனதில் வைத்துத்தான். ரெக்கார்டிங்குக்கு வேறு கணக்கு.

முதலில் ஓசை. நான்கு தந்தி பேஸில் மிகத் தாழ்ந்த ஒலி தரும் தந்தி, அதாவது ‘இ’, நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. ஒரே ஒரு அதிர்வு முடியவே 24 மில்லிசெகண்ட் ஆகும். இவ்வளவு தாழ்ந்த ஒலியில் நோட்டு எந்த இடத்தில் தொடங்கியது என்று காதால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. அதைக் காட்டிக்கொடுப்பது தந்தியைத் தொட்ட கணத்தில் எழும் மேல் ஒலிகள்தான். பிக்கின் முனை குறுகலாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அந்த மேல் ஒலிகள் அப்படியே வெளியே வருகின்றன. விரல் நுனி அகலம், மெத்தென்று இருக்கும். பாதியை அதுவே விழுங்கிவிடுகிறது. காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு சேர்ந்து அடிக்கும்போது டிரம்மர் என்னிடம் எதிர்பார்ப்பது நோட்டின் அந்த முன்விளிம்பைத்தான். எதிரொலி அதிகமுள்ள இடத்தில் விரலால் வாசித்தால் அடியில் ஏதோ உருள்கிறது என்று தெரியும், என்ன நோட்டு என்று தெரியாது. பிக்கில் வாசித்தால் தெரியும்.

விரலில் இதைச் சரிக்கட்ட வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கையை நெக் (இடக்கை பிடிக்கும் நீண்ட கழுத்து) பக்கத்திலிருந்து பிரிட்ஜ் (தந்திகள் உடம்பில் வந்து முடியும் இடம்) பக்கம் நகர்த்தினால் ஓசை இறுகும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் ஒலியாக மாற்றும் பாகம்) ஒட்டி விரல் வைத்து வாசித்தவர். அவருடைய நோட்டு எந்தக் கூட்டத்திலும் காணாமல் போகாது. ஆனால் அங்கே தந்தி விறைப்பாக இருக்கும், விரலுக்குக் கூடுதல் வேலை. அதேபோல் பிக்கின் கூர்மையையும் மழுக்கலாம். முனையை விட்டுவிட்டு பிக்கின் உருண்டை மூலையால் அடித்தால் ‘டிக்’ குறைந்து ‘டும்’ கூடும். பத்துப் பதினைந்து கச்சேரி பார்த்து முனை தேய்ந்த பிக்கை நான் தூக்கிப் போடுவதே இல்லை, இதற்காகவே.

பிக் பிடித்தால் “அவர் கிட்டார்காரர், பேஸ் அவருக்கு இரண்டாவது வாத்தியம்” என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பேச்சு. கேரல் கே கிட்டாரிலிருந்து வந்தவர்தான். 1963-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அந்த இடத்தில் உட்கார்ந்தார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் அவர் பிக்கால் வாசித்துத் தந்தவற்றை ஒதுக்கிவிட்டு அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டின் வரலாற்றைச் சொல்ல முடியாது. மறுபக்கம் மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பெயர்.

இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். நான் பார்ப்பது அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையை. ஜேமர்சனின் பேஸில் பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்சு, தந்திகளோ தட்டையான கம்பி சுற்றிய, வழவழப்பான பழைய ஃபிளாட்வவுண்ட். கேரல் கே பிரிட்ஜுக்கு அருகே தந்திகளின் மேல் ஃபெல்ட் துணியை மடித்து வைத்திருந்தார். நோட்டு நீண்டு இழுபடாமல் அடக்குவதற்கு இரண்டு பேருமே ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையிலும் என் அனுபவம் அதேதான்: விரல், பிக் வித்தியாசத்தில் முக்கால்வாசி, எந்தத் தந்தியை எப்படி அடக்குகிறோம் என்பதில் வந்து நிற்கிறது.

இதை நான் கற்றது ஒரு கோயில் திருவிழா மேடையில். சப்-ஊஃபருக்கு நேர் மேலே நிற்க இடம் கிடைத்தது. பிக்கோடு ‘ஏ’, ‘டி’ தந்திகளில் வாசித்துக்கொண்டிருக்கிறேன். தொடாத ‘இ’ தந்தி தானாகவே முனக ஆரம்பித்தது. பலகை அதிர, பேஸின் உடம்பு அதிர, தந்தி அதிர, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, ஒரே இரைச்சல். மிக்சரில் இருந்தவர் கீழ் ஒலியைக் குறைத்தார். முனகல் நின்றது, கூடவே என் பேஸும் காணாமல் போனது. அந்தப் பாட்டு முழுக்க நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை.

விரலில் வாசித்திருந்தால் இது நடந்திருக்காது. காரணம் எளிது. விரலால் ‘ஏ’ தந்தியை மீட்டினால், மீட்டிய விரல் போய் ‘இ’ தந்தியின் மேல்தான் உட்காரும். கட்டைவிரலும் தடித்த தந்திகளின் மேல் சாய்ந்தே நகரும். அடக்குவதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம், வாசிப்பதே அடக்குவதும். பிக் பிடித்த கை அந்தரத்தில் இருக்கிறது. அதற்கு அடக்கும் வேலையைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை பிரிட்ஜை ஒட்டித் தந்திகளின் மேல் லேசாக வைப்பது, இடக்கை நுனிகளால் பக்கத்துத் தந்தியைத் தொட்டுக்கொண்டே இருப்பது. இது கைவந்துவிட்டால் பிக் வேறொரு வாத்தியம்போல ஆகிவிடும். உள்ளங்கையை வைத்து அடிக்கும் அந்த ‘டுப், டுப்’ எதிரொலி மண்டபத்தில் எவ்வளவு சுத்தமாக நிற்கும் என்பதை ஒருமுறையாவது கூட்டத்துக்குள் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வேகம், களைப்பு பற்றி நிறைய சண்டை நடக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரைப் பாய்ச்சல் மாதிரியான தாளங்களை இத்தனை வருடமாக விரலால்தான் வாசிக்கிறார். மெட்டாலிகா என்ற இன்னொரு மெட்டல் குழுவில் கிளிஃப் பர்ட்டன் விரல், அவருக்குப் பின் வந்த ஜேசன் நியூஸ்டெட் பிக், 2003-ல் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ மறுபடியும் விரல். அதே பாடல்கள், மூன்று கைகள். வேகத்தால் எதுவும் நின்றுபோகவில்லை. மூன்று மணி நேரக் கச்சேரியின் கடைசியில் ஆள்காட்டி விரலில் கொப்புளம் வருவது நிஜம். வியர்வையில் பிக் நழுவிக் கீழே விழுவதும் நிஜம். கொப்புளத்தோடு அந்தப் பாட்டை முடித்துவிடலாம். பிக் விழுந்தால் குனிந்து தேட முடியாது, அப்போது விரலுக்கு மாறத் தெரிந்திருக்க வேண்டும். மைக் ஸ்டாண்டில் இரண்டு உபரி பிக் செருகி வைப்பது என் வழக்கம்.

விரல் மறுக்க முடியாமல் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: ஏற்ற இறக்கம். இளையராஜா பாடல்களில் பேஸ், பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டாகவே ஓடும். சரணத்தில் பாடகர் குரலைத் தாழ்த்தும்போது பேஸும் கூடவே இறங்கிப் பேச வேண்டும். சில நோட்டுகள் தொட்டும் தொடாமலும் விழ வேண்டும், சிலது வழுக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். பிக்கில் மெல்ல வாசிக்கலாம், ஆனால் ‘டிக்’ என்ற அந்த முனை கூடவே வந்துகொண்டிருக்கும், பாடகரின் மூச்சுக்குப் பக்கத்தில் அது உறுத்தும். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த பேஸ் வரி மனப்பாடம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வராது.

இப்போது என் நடைமுறை இப்படி. சவுண்ட் செக்கில் மேடையில் நின்று முடிவெடுப்பதில்லை. நீளமான கேபிள் போட்டு, கூட்டம் உட்காரும் இடத்துக்கு நடந்துபோய், ஒரே வரியை விரலிலும் பிக்கிலும் இரண்டிரண்டு முறை வாசிப்பேன். மெல்லிசைப் பாட்டுக்கு விரல், குத்துப் பாட்டுக்கும் ராக்குக்கும் உள்ளங்கை வைத்த பிக். மண்டபம் ரொம்பவும் இரைந்தால் மெல்லிசையிலும் வேகமான பல்லவிகளுக்கு மட்டும் பிக், சரணம் வரும்போது அதை நடுவிரலுக்குள் மடக்கி ஒளித்துக்கொண்டு ஆள்காட்டி விரல் ஒன்றால் வாசிப்பேன். இந்த மடக்கல் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது. முதலில் பிக் நழுவி பிக்கப்பின் மேல் ‘டக்’ என்று விழும், ஸ்பீக்கரில் அது இடிபோலக் கேட்கும். நடுவிரலின் முதல் கணுவில் பிக்கின் அகலப் பக்கத்தை வைத்து மடக்கியதும் அது நின்றுவிட்டது.