டூரிங் பைக்கில் பெட்ரோல் மீட்டர்: எதை நம்பலாம், எவ்வளவு நம்பலாம்?

பைக் ரிவ்யூக்களில் பெட்ரோல் மீட்டருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். "டிஜிட்டல் ஃப்யூயல் கேஜ் உண்டு" என்று எழுதிவிட்டு பவர், டார்க், சீட் உயரம் என்று போய்விடுவார்கள். ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது போதும். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கிறது. தூரப் பயணம் போகிறவருக்கு அப்படி இல்லை. டேங்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கணக்கில்தான் இரவு எங்கே தங்குவது, எந்தப் பாதையில் திரும்புவது என்பதெல்லாம் முடிவாகும். அதனால் இந்த ரிவ்யூ முழுவதும் மீட்டரைப் பற்றி மட்டும்.

என்னுடையது 15 லிட்டர் டேங்க் உள்ள, ஒற்றை சிலிண்டர் அட்வென்ச்சர் டூரிங் பைக். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த அளவு டேங்க் உள்ள பல பைக்குகளில் இதே அமைப்புதான், குறையும் இதேதான்.

முதலில் முள். நிரப்பிக்கொண்டு கிளம்பினால் நெடுநேரம் ஃபுல்லிலேயே நிற்கும். கோயம்புத்தூரில் போட்டுவிட்டு பொள்ளாச்சி தாண்டும்வரை அசையாது. அப்புறம் மெதுவாக இறங்க ஆரம்பித்து, பாதிக்குக் கீழே போனதும் கடகடவென்று விழும். மேல் பாதி கொடுத்த தூரத்தைக் கீழ் பாதி கொடுக்காது. வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். மைலேஜ் ஒன்றும் மாறியிருக்காது. முள் அளப்பது லிட்டரை அல்ல, டேங்கின் ஒரு மூலையில் பெட்ரோல் நிற்கும் உயரத்தை. டேங்க் மேலே அகலம், கீழே குறுகல். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே எவ்வளவோ பிடிக்கும், கீழே கொஞ்சம்தான் பிடிக்கும். போதாக்குறைக்கு, பெட்ரோலில் மிதந்து முள்ளை அசைக்கும் மிதவை டேங்கின் மேல்கூரை வரை போவதில்லை. அது போகக்கூடிய உச்சிக்கு மேலே இருக்கும் பெட்ரோல் தீரும்வரை முள் எப்படி அசையும்?

இதை எனக்குக் கண்ணால் காட்டியது உக்கடம் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பின் ஃபில்டரை மாற்றுவதற்காக டேங்கைக் கழற்றி, அடியிலிருந்து பம்ப் அசெம்ப்ளியை வெளியே எடுத்தார். அதன் பக்கவாட்டில் மெல்லிய கம்பி ஒன்று, நுனியில் தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பு மிதவை. கம்பி முடியும் இடத்தில் சின்னத் தகடு, அதில் அடுத்தடுத்து கோடு கோடாகத் தடங்கள். ஒயரை மாட்டி, சாவியைப் போட்டு, மிதவையை விரலால் தூக்கச் சொன்னார். தூக்கினேன். முள் உடனே வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாக ஏறியது. மேடு பள்ளத்தில் பெட்ரோல் அலைபாயும்போது முள்ளும் ஆடாமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தாமதம் அது. டேங்கைக் கவிழ்த்தும் காட்டினார். நடுவே ஃபிரேம் போவதற்காக ஒரு பெரிய குழிவு. அதனால் உள்ளே அடிப்பக்கம் இடது, வலது என்று இரண்டு பள்ளங்கள். "பம்பு இந்தப் பக்கந்தானுங்க. கடைசியா அந்தப் பக்கம் நிக்கிற பெட்ரோல் தானா இங்க வராதுங்க. வண்டிய நல்லா சாய்ச்சாத்தான் வரும்" என்றார்.

இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் மீட்டரின் பாதிக் குணம் புரிந்துவிட்டது. என் பைக்கில் பம்பும் மிதவையும் இடது பள்ளத்தில், கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கின்றன. சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும், பெட்ரோலும் அங்கே ஒதுங்கும், மீட்டர் கூட்டிக் காட்டும். டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்து சாவியைப் போட்டதும் தெரிகிற அளவை நம்பக் கூடாது. ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் போகும், அப்போதும் கூட்டித்தான் காட்டும். இறக்கத்தில் குறைத்துக் காட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முள் சொல்வது ஒன்று, அதே ரோட்டில் இறங்கும்போது சொல்வது இன்னொன்று. சமதளத்தில், நேராக, ஒரே வேகத்தில் சில நிமிடம் ஓடிய பிறகு காட்டுவதை மட்டும் நான் கணக்கில் எடுக்கிறேன். மீட்டர் எந்தப் பக்கம் பிசகும் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பிசகோடு வாழ்ந்துவிடலாம். உங்கள் வண்டியில் மிதவை வேறு பக்கம் இருந்தால் எல்லாம் தலைகீழாகும், அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முள்ளுக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 15 லிட்டருக்கு ஆறு கட்டம் என்றால் சராசரியாக ஒன்றுக்கு இரண்டரை லிட்டர். டேங்கின் வடிவத்தால் அதுவும் சமமாக வருவதில்லை. இரண்டு கட்டம் என்றால் ஐந்து லிட்டரா, மூன்றா? கட்டம் அணையும்வரை ஒரு தகவலும் இல்லை. முள்ளாவது இறங்கிக்கொண்டிருப்பதைக் காட்டும்.

இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று எண்ணிலேயே சொல்லும் வசதி இப்போது பல பைக்குகளில் வருகிறது. நண்பரின் பைக்கில் அதைக் கவனித்துப் பார்த்திருக்கிறேன். கடைசியாக ஓடிய தூரத்தின் மைலேஜை வைத்து மிச்சப் பெட்ரோலைப் பெருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான். நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவு ஏறினால் எண் வேகமாகச் சரியும். இறங்கும்போது நாம் த்ராட்டிலை மூடிவிடுகிறோம். கியரில் இருக்கும் வண்டியில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலை நிறுத்திவிடும், அதனால் எண் கூடிக்கொண்டே வரும். அது பொய் சொல்வதாக அர்த்தம் இல்லை. வந்த ரோட்டை வைத்து வரப்போகிற ரோட்டைச் சொல்கிறது. நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு இது அருமையான வசதி. மலைக்குப் போகிறவர் இதைப் பார்த்துக் கிளம்பக் கூடாது.

பழைய ரிசர்வ் காக், அதாவது டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் திருகு, அதைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அப்பாவின் பழைய புல்லட்டில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. டேங்குக்குள் இரண்டு குழாய்: மெயினுக்கு உயரமானது, ரிசர்வுக்குக் குட்டையானது. பெட்ரோல் மட்டம் உயரக் குழாய்க்குக் கீழே போனதும் எஞ்சின் இருமும். ஓட்டிக்கொண்டே இடது கையால் காக்கைத் திருப்பினால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். "ரிசர்வ் விழுந்துடுச்சு, அடுத்த பங்க்ல போட்டுக்கலாம்" என்பார் அப்பா. அவ்வளவுதான் சிஸ்டம். மின்சாரம், சென்சார் எதுவும் கிடையாது, இத்தனை லிட்டர் மிச்சம் என்பதும் அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். பெட்ரோல் போட்டதும் காக்கை மெயினுக்குத் திருப்ப மறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி கட்டாயமானபோது பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரோடு அந்தக் காக்கும் போய்விட்டது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைச் சூடேறாமல் காக்கிறது. அதனால் டேங்கை வறள விட்டு ஓட்டுவது பம்புக்குக் கெடுதல். காக் காலத்துப் பழக்கத்தில் கடைசிச் சொட்டுவரை ஓட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காக்கின் இடத்தை இன்று ஓரளவு பிடித்திருப்பது மஞ்சள் லைட். என் பைக்கில் எனக்கு மிகப் பிடித்த பாகமும் அதுதான். முள் எப்படி அலைந்தாலும் லைட் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிலையாக எரிகிறது. லைட் எரிந்ததும் பக்கத்துப் பங்கில் நிரப்பிப் பார்த்தால் பன்னிரண்டு லிட்டரை ஒட்டியே போகிறது. அதாவது மூன்று லிட்டர் மிச்சம். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று வைத்தால் 84 கிலோமீட்டர் ஓடலாம். மறுபக்கப் பள்ளத்தில் தேங்குவதைக் கழித்துவிட்டு 60 என்று வைத்துக்கொள்கிறேன். யமஹாவின் பல மாடல்களில் லைட் எரிந்ததும் டிஸ்ப்ளே தானாக எஃப்-ட்ரிப் என்று மாறி, அந்த இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று எண்ண ஆரம்பிக்கும். செலவில்லாத, அற்புதமான ஏற்பாடு. எல்லாக் கம்பெனியும் இதை வைக்க வேண்டும் என்பது என் மனப்பூர்வமான கோரிக்கை. அது இல்லாத வண்டியில் லைட் எரிந்த கணமே இரண்டாவது ட்ரிப் மீட்டரான ட்ரிப் பி-யை ஜீரோ ஆக்கிவிடுங்கள்.

ட்ரிப் மீட்டர் என்றதும் நான் கடைசியில் எதை நம்பி ஓட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். ட்ரிப் ஏ என்னிடம் பெட்ரோலுக்கு மட்டும்தான். நிரப்பும்போதெல்லாம் ஜீரோ. நிரப்புவது எப்போதும் சென்டர் ஸ்டாண்டில், எப்போதும் ஒரே மட்டம் வரை. மூடிக்குக் கீழே கழுத்து முடிகிற இடத்தில் நிறுத்தச் சொல்வேன். அதற்கு மேல் விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். பிஎஸ்6 வண்டியில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்க ஒரு கேனிஸ்டர் இருக்கிறது, அளவுக்கு மீறி ஊற்றினால் பெட்ரோலே அதற்குள் போய்விடும். தவிர பெட்ரோல் சூட்டில் விரியும். 15 லிட்டருக்கு 20 டிகிரி கூடினால் ஏறக்குறைய 300 மில்லி. அதற்கு இடம் வேண்டாமா? இப்படி ஒரே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மைலேஜ். நாற்கரச் சாலையில் ஒன்று, மலையில் ஒன்று, சுமையோடு இருவர் போனால் ஒன்று என்று மூன்று எண்களை எழுதி வைத்திருக்கிறேன். மீட்டர் உடைந்தே போனாலும் இதை வைத்து ஊர் போய்ச் சேரலாம்.

இதெல்லாம் எங்கே தேவைப்படும் என்று கேட்டால், இமயமலையில் போகும் மணாலி–லே சாலை. சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் சேரும் தாண்டி என்ற ஊரில் ஒரு பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே எழுதி வைத்த போர்டு பைக்காரர்களிடையே பெயர் பெற்றது. அந்த 365-ஐயே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 28 கொடுத்தால் 13 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் டேங்க் போதும் என்று தோன்றும். ஆனால் நடுவே பாராலாச்சா, லாசுலுங், தாங்லாங் என்று கணவாய்கள், எல்லாம் 4,800 மீட்டருக்கு மேலே. முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏறினால் மைலேஜ் 24-க்கு இறங்கிவிடலாம். அப்போது தேவை 15 லிட்டருக்கும் மேல், அதாவது டேங்க் காலி. ஐந்து லிட்டர் கேன் கட்டாயம். கேனில் இருப்பதைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டாம். டேங்கில் ஐந்து லிட்டருக்கு இடம் வந்ததும், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஊற்றிவிடுங்கள். கேனின் பாரமும் இறங்கும், ட்ரிப் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும்.

வண்டியை ஆட்டிச் சத்தம் கேட்பது, மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது இரண்டும் "இருக்கிறதா, இல்லையா" என்பதற்குச் சரி. எவ்வளவு என்று சொல்லாது. திறந்தால் குழிவின் மேடுதான் முதலில் கண்ணில் படும், டேங்க் காலி மாதிரித் தெரியும், இரண்டு பக்கமும் பெட்ரோல் நிற்கும். வண்டி நின்றே போனால் மெக்கானிக் அண்ணன் சொன்னதைச் செய்யுங்கள். பம்ப் இருக்கும் பக்கம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் மறுபக்கத்து மிச்சம் வந்து சேரும். சில கிலோமீட்டர் போகும்.

பத்துக்கு மதிப்பெண் என்றால் என் பைக்கின் முள்ளுக்கு ஐந்து, மஞ்சள் லைட்டுக்கு ஒன்பது. ட்ரிப் மீட்டரில் எஃப்-ட்ரிப் இல்லாததால் ஏழு. புது வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஷோரூமில் ஓனர்ஸ் மேனுவலைக் கேட்டு வாங்கி இரண்டே எண்களைப் பாருங்கள்: டேங்க் மொத்தம் எத்தனை லிட்டர், லைட் எரியும்போது மிச்சம் எத்தனை லிட்டர். முதல் எண்ணை விற்பவரே சொல்லிவிடுவார், இரண்டாவதை நீங்கள்தான் தேட வேண்டும். டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் வண்டியை ஒரு தடவை சைடு ஸ்டாண்டிலும் ஒரு தடவை நேராகவும் நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் பிசகும் வண்டி என்று அங்கேயே தெரிந்துவிடும்.