ஐந்தாம் மாடியா, தன்லின் சின்னம்மா வீடா?

குடலிறக்கத்துக்காக என் வயிற்றில் இரண்டு முறை கத்தி பட்டது. முதலில் வலப்பக்கம், மூன்று வருடம் கழித்து இடப்பக்கம். முதல் தடவை, யாங்கோனுக்கு (ரங்கூனுக்கு) ஆற்றின் அக்கரையில் இருக்கும் தன்லினில், சின்னம்மா வீட்டில் கிடந்தேன். அடுத்த தடவை யாங்கோனில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், என் அறையிலேயே தனியாக. ஒண்டி ஆளுக்கு ஆபரேஷன் என்றால் எங்கே இருந்து தேறுவது என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். இரண்டையும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சின்னம்மா வீடு தரைத்தளம். முற்றம், வேப்பமரம், சாயங்காலம் பேச நாலு பேர். மனசுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் எழுந்தால் போதும், "அசையாம படுடா, தையல் பிரிஞ்சிரும்" என்று குரல் வரும். டாக்டரோ அன்றைக்கே எழுந்து மெல்ல நடக்கச் சொல்லியிருந்தார். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் சளி தேங்கலாம், மலம் இறுகலாம். மூன்றாவது எனக்கு நடந்தது. பத்தியம் என்று காய், பழமெல்லாம் நிறுத்திவிட்டு ரசமும் சோறுமாகப் போட்டார். நாலாம் நாள் கழிவறையில் முக்கியபோது தையல் போட்ட இடம் என்ன சொன்னது என்பதை இங்கே எழுத முடியாது. பப்பாளியும் தண்ணீரும்தான் காப்பாற்றின. பாசம் சில நேரம் ஆளைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடும்.

ஐந்தாம் மாடி நேர் எதிர். தடுக்க ஆள் இல்லை, அதனால் நடந்தேன். மணிக்கு ஒரு முறை அறைக்கும் பால்கனிக்கும் ஐந்து நிமிடம். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வது, உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, ஆழமாக மூச்சு விடுவது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. கைலி கட்டும் ஊர் என்பதால் பெல்ட்டு உரசும் தொல்லையும் இல்லை. படிக்கட்டைப் பற்றித்தான் பயந்தேன். வீடு திரும்பிய அன்று கைப்பிடியைப் பிடித்து, மாடிக்கு மாடி நின்று ஏறினேன். அப்படி நிதானமாக ஏறினால் கெடுதல் இல்லை என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

கெடுதல் கயிற்றில் இருந்தது. யாங்கோன் மாடிவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிறு, நுனியில் கிளிப். பேப்பரும் காய்கறியும் அதில்தான் மேலே வரும். என் டாக்டர் ஆறு வாரத்துக்கு மூன்று வீசைக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோவுக்கு மேல், தூக்கக்கூடாது என்றார். கயிற்றில் இழுப்பதும் தூக்குவதுதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அரிசியை இழுத்து, மூன்றாம் மாடி வரை வந்ததும் அடிவயிற்றில் சுரீரென்றது. அப்படியே கீழே இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு கயிற்றில் வந்தது பிளாஸ்டிக் பையில் டீயும் ஒரு பன்னும் மட்டும்.

மனசு விஷயத்தில் ஐந்தாம் மாடி தோற்றது. சாயங்காலம் ஆறு மணி, கரண்ட் போயிருக்கும், மழை கொட்டும், தெருவில் எல்லோரும் யாருடனோ பேசிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் காரணமே இல்லாமல் அழுதேன். வலி, தூக்கமின்மை, மருந்து எல்லாம் சேர்ந்து ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் இப்படி ஆவதுண்டு. இரண்டு வாரம் தாண்டியும் விலகாவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அந்தக் கயிறே பிறகு உதவியது. கீழே டீக்கடைத் தம்பியிடம் ஒரு ஏற்பாடு: காலை ஏழுக்குக் கயிறு இறங்கும். எட்டு வரை இறங்காவிட்டால் அவன் மேலே வந்து கதவைத் தட்ட வேண்டும். ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டேன், நிஜமாகவே வந்து தட்டினான். இன்னொருவன் என் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பே பாதி மருந்து.

சம்பளத்துக்கு ஆள் வைப்பது மூன்றாவது வழி. ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்த பின் முதல் ராத்திரிக்கு மட்டும் யாராவது ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அதற்கு வேண்டுமானால் வைக்கலாம்.

கீழே இறங்கி நடக்க எது நல்லது? மகாபந்துலா பூங்கா கிட்டத்தில் இருக்கிறது, காலையில் கூட்டமும் உண்டு. ஆனால் போகும் வழியில் சாக்கடை மூடிய பலகைக் கற்கள் ஆடும். கண்டாஜி ஏரி அழகு, முதல் இரண்டு வாரத்துக்குத் தூரம். ஷ்வேடகோன் பகோடாவில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் மழையில் பளிங்கு வழுக்கும், அதுவும் வெறுங்காலோடு. என் ஓட்டு காளியம்மன் கோயிலுக்கு. சமதரை, களைத்தால் உட்காரலாம், "என்ன இளைச்சிட்டீங்க" என்று தமிழில் கேட்க ஒருவராவது இருப்பார்.

காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி: இதில் எது வந்தாலும் சின்னம்மா வீடோ ஐந்தாம் மாடியோ வேண்டாம், ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு தடவை வந்தால் முதல் நாலு ராத்திரி தன்லினில், பிறகு என் மாடியில். சின்னம்மாவிடம் சொன்னேன். நாலு நாள் போதாது, எட்டு நாள் என்று பேரம் பேசுகிறார்.