ஸ்பீச் தெரபிக்கு மொத்தமா பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்களோட அம்மா அப்பாக்களுக்காக எழுதறேன். எங்க பையனுக்கு நாலரை வயசு. போன வருஷம் தாம்பரம் பக்கம் ஒரு தெரபி சென்டர்ல சேர்த்தோம். "ஆறே மாசத்துல பேச வச்சிடறோம் மேடம்"னாங்க, அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கி வளையலை அடகு வச்சு 60 செஷனுக்கு 48,000 ரூபா ஒரே தடவையா கட்டிட்டோம்.

அப்போ அவன் சுத்தமா பேசாத பிள்ளை இல்லங்க. தாகம் எடுத்தா தண்ணி கேன்கிட்ட போய் நின்னு "தண்ணி வேணுமா?"ன்னு நம்மளையே கேப்பான், நாம கேக்கறதை அப்படியே திருப்பிச் சொல்லித்தான் அவன் கேப்பான். சென்டர்ல இது எக்கோலாலியா, கெட்ட பழக்கம், உடனே நிறுத்தணும்னாங்க. ரெண்டு பாஷை கேட்டா குழம்பிடுவான், வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னாங்க. எங்க மாமியாருக்கு இங்கிலீஷ் எங்க தெரியும், பேரன்கிட்ட பேசறதையே விட்டுட்டாங்க.

செஷன்ல எங்களை உள்ள விடவே மாட்டாங்க. ஒருநாள் கதவு லேசா திறந்திருந்துச்சு. அவனோட பாட்டிலை எட்டாத உயரத்துல பிடிச்சுகிட்டு "ஸே வாட்டர்"ங்கறாங்க, இவன் "தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா"ன்னு அழுறான், "நோ"ங்கறாங்க. நாலாவது மாசம் அந்த வார்த்தையும் நின்னு போச்சு. மீதிப் பணம் கேட்டா பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாதாம்.

அப்புறம்தான் முட்டுக்காடு என்.ஐ.இ.பி.எம்.டி போனோம், பலவகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம். முதல்ல காது டெஸ்ட் பண்ணாங்க, சென்டர்ல ஒருத்தர்கூட அதைப் பத்திக் கேக்கல. திருப்பிச் சொல்றதும் பேச்சுதாம்மா, அவன் "தண்ணி வேணுமா"ன்னா தண்ணியக் குடுத்துட்டே "தண்ணி வேணும்"னு நீங்க சொல்லிக் காட்டணும்னாங்க. வீட்டு பாஷையால பேச்சு கெடாது, வேணுங்கறதை எடுத்துக் காட்டிக் கேக்கறதுக்குப் படக்கார்டு குடுத்தா பேச வராதுங்கறதும் பொய்.

ஸ்பீச் தெரபிஸ்ட்னா பி.ஏ.எஸ்.எல்.பி (காது, பேச்சு பத்தின டிகிரி) மாதிரி படிப்பு முடிச்சு ஆர்.சி.ஐ-ல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிஞ்சிருக்கணும், அந்த கவுன்சிலோட 1992 சட்டப்படி. பதிவு நம்பரைக் கூச்சப்படாம கேளுங்க, ஆர்.சி.ஐ வெப்சைட்லயே பாத்துக்கலாம். எங்க பையனுக்கு செஷன் எடுத்த பொண்ணு ஏதோ மூணு மாச கோர்ஸ் முடிச்சவங்களாம், அவங்களைத் திட்டி என்ன பண்ண, உட்கார வச்சவங்களைத்தான் கேக்கணும். இத்தனை மாசத்துல பேச வைப்போம்னு கெடு சொல்றவங்க, பெத்தவங்களை உள்ள விடாதவங்க, இவங்ககிட்ட தயவுசெஞ்சு மொத்தப் பணம் கட்டாதீங்க.

இப்ப ரெண்டு மாசமா வீட்ல தமிழ்தான். தாகம் எடுத்தா டம்ளர் படம் போட்ட கார்டை எடுத்து பாட்டி கையில வைக்கறான். "தண்ணி வேணுமா" இன்னும் திரும்பி வரல.