தர்மபுரியில் ஒரு பியட்டோடு 34 வருடம்

எங்கள் காரின் ஆர்.சி. புத்தகத்தில் பிரீமியர் பத்மினி என்று இருக்கிறது. 1984 மாடல். ஆனால் எங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரும் அதைப் பத்மினி என்று சொல்லி நான் கேட்டதில்லை. பியட்டுதான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இத்தாலியின் பியட் கம்பெனியுடைய 1100 மாடலைச் செய்துகொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். 1970களில் கம்பெனி ராஜஸ்தானத்துச் சித்தூர் ராணி பத்மினியின் பெயரை வைத்தது. தர்மபுரி பக்கம் அந்தப் பெயர் வந்து சேரவே இல்லை. "பியட்டுக்கார வீடு" என்றுதான் எங்கள் வீட்டுக்கு இன்றும் வழி சொல்கிறார்கள்.

அப்பா இதை 1991ல் கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். நான் 1998லிருந்து ஓட்டுகிறேன். மீட்டர் கேபிள் இரண்டு முறை அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓடியிருப்பதால் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. என் கணக்கில் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். இஞ்சின் இரண்டு முறை பிரித்துக் கட்டியது. பெயின்ட் மூன்றாவது முறை. நிறம் மட்டும் மாறவில்லை, அதே வெளிர் நீலம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடினால் முதலில் வருகிற பேச்சு, நீ எந்தக் கட்சி என்பதுதான். பியட்டா, அம்பாசிடரா? கொஞ்சம் வயதானவர் இருந்தால் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் வரும். பிராண்டு மேல் இவ்வளவு பிடிப்பு எப்படி வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விளம்பரம் பார்த்து வந்ததில்லை, அந்தக் காலத்தில் தேர்ந்தெடுக்க அவ்வளவு வண்டிகளும் கிடையாது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை, கையெட்டும் தூரத்தில் எந்த மெக்கானிக் இருந்தாரோ அந்த வண்டிதான் வீட்டுக்கு வந்தது. பென்னாகரம் ரோட்டில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் பியட் கை. அப்பா வண்டி பார்க்கப் போவதற்கு முந்தின நாளே அவரிடம் போய், "என்ன வாங்கலாம்?" என்று கேட்டார். "பியட்டு வாங்குங்க சார், மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். எங்கள் பியட் பிடிப்பு முழுக்க அந்த ஒரு வார்த்தையிலிருந்து வந்தது.

பாலக்கோட்டில் பெரியப்பா வீட்டில் அம்பாசிடர் மார்க் 4. அவருக்கு மாந்தோப்பு. அங்கே இருந்த மெக்கானிக் டிராக்டரும் அம்பாசிடரும் பார்ப்பவர். சீசனில் டிக்கி முழுக்கப் பெங்களூரா மாங்காய், பின்சீட்டில் நாலு ஆள், முன்னால் மூன்று ஆள் என்று தோப்புக்குள்ளிருந்து மண் ரோட்டில் அந்த வண்டி வெளியே வருவதைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது புரியும். 1489 சிசி இஞ்சின், எங்களுடையது 1089 சிசி. எடை ஏற்றினால் அம்பாசிடருக்கு நிகர் அம்பாசிடர்தான், அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓட்டுகிறவனுக்கு பியட். ஸ்டியரிங் லேசு, சந்துக்குள் திருப்பலாம், கியர் கைக்குப் பக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு விழும். அந்தக் காலத்தில் டிரைவர் வைத்திருந்தவர்கள் அம்பாசிடர் வாங்கினார்கள், தானே ஓட்டிய டாக்டர்களும் பேங்க் ஆபீசர்களும் பியட் வாங்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வண்டியை விற்றவரே டாக்டர் என்பதால் எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

இரண்டு கம்பெனிகளும் இன்றைக்கு இந்த வண்டிகளைச் செய்வதில்லை. பத்மினி 2000 வாக்கில் நின்றது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், கல்கத்தா பக்கத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றது. பிரீமியர் 1990களில் பிரான்சின் பியூஜோவோடு கூட்டுச் சேர்ந்தது, அம்பாசிடர் என்ற பெயரை 2017ல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியதும் அதே பியூஜோ குழுமம்தான். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே வாசலில் போய் நிற்கிற மாதிரி ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று பெரியப்பாவுக்கு போன் செய்தேன். "பேரத்தான வித்தாங்க, எம் வண்டியையா வித்தாங்க?" என்று கேட்டுவிட்டு மாங்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இனி வண்டிக்கு வருகிறேன்.

ஊருக்குள் லிட்டருக்கு 10 கிலோமீட்டர், சேலம் ரோட்டில் நிதானமாகப் போனால் 13. 60, 65 வேகத்தில் இந்த வண்டி ஒரு தாளத்துக்கு வரும். அதற்கு மேல் அழுத்தினால் போகும், ஆனால் நான் அழுத்துவதில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இப்போதைய கார்களுக்கு விடுவதைப் போல இரண்டு மடங்கு இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். அந்த இடத்தில் யாராவது வந்து நுழைவார்கள். மறுபடியும் இடம் விட வேண்டியதுதான். கோடையில் உள்ளே சூடு. மழையில் முன் கண்ணாடி ரப்பர் ஓரம் கொஞ்சம் கசியும். மற்றபடி முன்சீட்டில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு வெளிச்சம் இப்போது வரும் எந்தக் காரிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தொப்பூர் கணவாயைச் சொல்லாமல் எங்கள் பக்கத்து வண்டிக்கதை முடியாது. 1994 மே மாதம், சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்புகிறோம். உச்சி வெயில். தொப்பூரிலிருந்து மேலே ஏறும்போது முன்னால் லோடு லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முதல் கியரும் இரண்டாவது கியருமாக மாற்றி மாற்றிப் பத்து நிமிடம் போயிருப்போம். வண்டி இரண்டு முறை இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. பெட்ரோல் பம்பு இஞ்சின் மேலேயே இருப்பதால் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு மலை ஏறும்போது இது வருவதுதான். அப்பா பதற்றப்படவே இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து பம்பைச் சுற்றிக் கட்டினார். துண்டிலிருந்து ஆவி மெல்ல எழுந்தது. ஒரு லாரி கிளீனர் இறங்கி வந்து ஒரு கேன் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருந்தார். துண்டு காயும், மறுபடி நனைப்பார். கால் மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் என் டிக்கியில் ஒரு பழைய துண்டும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கின்றன. மே மாதம் தொப்பூர் ஏறுவதென்றால் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுவேன்.

இறங்கும்போது வேறு பாடம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் சரிவு, அங்கே நடக்கும் விபத்துகள் எல்லோருக்கும் தெரியும். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிரம் சூடாகிப் பிடிக்காது. மேலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே இறக்கும்.

ஓசூரில் ஆட்டோ பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் இரண்டு வருடமாக என்னை நச்சரிக்கிறான். "மாமா, இதுல ஒரு மாருதி இஞ்சின ஏத்திடலாம். ஏசி போடலாம். தொப்பூர்ல நிக்கவே நிக்காது" என்பான். அவன் பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட் ராட் படங்களைப் போனில் காட்டிக்கொண்டே இருப்பவன். அவனால்தான் நானும் அதைப் படிக்க ஆரம்பித்தேன். 1932ல் போர்டு கம்பெனி சாமானியர் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 இஞ்சின் போட்ட காரை விற்றது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். பையன்கள் அதன் மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, கலிபோர்னியாவில் வறண்டு கிடக்கும் ஏரிகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1955ல் செவர்லே 265 கன அங்குலத்தில் ஒரு புது வி8 கொண்டுவந்தது. எடை குறைவு, சக்தி அதிகம். அதற்கப்புறம் போர்டு உடம்புக்குள் செவர்லே இஞ்சினை வைப்பது அங்கே சர்வசாதாரணமாகிவிட்டது. போர்டுக்குள் போர்டு இஞ்சின்தான் இருக்க வேண்டும் என்கிற ஆட்கள் அதை இன்றுவரை ஏற்கவில்லை. இந்தச் சண்டையைப் படித்தபோது பாலக்கோட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

வேகத்துக்காகவே வண்டியைக் கட்டியவர்கள் எந்த இஞ்சினில் வேகம் கிடைத்ததோ அதை எடுத்தார்கள், அது அவர்களுக்குச் சரி. நான் பியட்டுக்குள் பியட் கட்சி. அக்கா மகனுக்கு நான் சொன்ன காரணம் இதுதான்: இந்த டிரம் பிரேக்கும், முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங் பின்னும் சுமார் 40 குதிரைத்திறனுக்குச் செய்தவை. அதற்கு மேல் சக்தி கொடுத்தால் இஞ்சினோடு நிற்காது, பிரேக், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் என்னிடம் மிஞ்சுவது பியட் தகரம் மட்டும்தான். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, அனுமதி இல்லாமல் வண்டியை இப்படி மாற்றக் கூடாது என்கிறது. அதோடு 2021ல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனி ‘விஏ’ வரிசை எண் தருகிறது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். சேசிஸ், பாடி, இஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அந்த எண் வாங்கினால் அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு மாதிரியான வேலைகளுக்கு மட்டும்தான் எடுக்கலாம். என் வண்டிக்கு 2034ல் 50 ஆகும். அந்த எண் வாங்குவதா, ஓட்டுவதா என்று அப்போது முடிவு செய்துகொள்கிறேன். இரண்டு வழியும் திறந்திருக்க வேண்டும் என்றால் இஞ்சின் அதுவேதான் இருக்க வேண்டும்.

செலவு. வருடத்துக்கு 25,000லிருந்து 30,000 வரை வைத்துக்கொள்வேன், இன்சூரன்ஸ் தனி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க 2019ல் கட்டணம் 600 ரூபாய். 2024ல் அதே வேலைக்கு 5,000. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். நல்ல நிலையில் வைத்து மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிற ஒருவன் மேல் இந்தச் சுமை அதிகம் என்று நினைக்கிறேன். எஃப்.சி.யில் வண்டியைச் சோதித்துப் பார்க்கட்டும், கடுமையாகவே பார்க்கட்டும். வயதுக்காக மட்டும் காசு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

சாமான்களுக்குப் பெங்களூர் ஜே.சி. ரோடு, கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை. பாதிக்குப் பாதி போலி. போன வருடம் ஒரு கடையில் வாங்கிய பெட்ரோல் பம்பு டயாப்ரம், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, நாலே மாதத்தில் உப்பிப்போய்க் கசிய ஆரம்பித்தது. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வகை ரப்பரை அது ஊறவைத்துவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் வாசனை வந்த அன்றே வண்டியை நிறுத்தி, பம்பு டயாப்ரம், ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம். பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை இந்த மாதமே செய்யுங்கள். சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் கசிவதோடு விளையாட முடியாது. வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்திலும் கண் வேண்டும். ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும். டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்தும் "வீடு பக்கத்துலதான" என்று ஓட்டியதால் செலவு வைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டில் இருக்கும் ஒரே வண்டியாக வேண்டாம். பார்க்கப் போகும்போது ஒரு காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். கதவுக்கு அடியிலும் மட்கார்டு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் தகரத்துக்குப் பதில் பூசி மறைத்த பட்டி. இஞ்சினைக் கட்டிவிடலாம், துரு தின்ற தரையைக் கட்டுவது கஷ்டம். அதைவிட முக்கியம், வண்டி தேடுவதற்கு முன்னால் மெக்கானிக்கைத் தேடுங்கள். பம்பாயில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ரோட்டைவிட்டுப் போனது. அதோடு அந்த வேலை தெரிந்த எத்தனை கைகள் வேறு வேலைக்குப் போயிருக்கும்!

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. மகன் அதே பட்டறையில் லேப்டாப்பைச் செருகிப் புது வண்டிகள் பார்க்கிறான், நல்ல வேலைக்காரன், ஆனால் கார்புரேட்டர் தொடமாட்டான். அதனால் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுக்கிறார். ஸ்பார்க் பிளக் இடைவெளிக்கு ஆக்சா பிளேடின் கனம் போதும் என்பது முதல் பாடம். பாயிண்ட் தேய்ப்பது, ஐட்லிங் வைப்பது, கிங் பின்னுக்கு கிரீஸ் அடிப்பது எல்லாம் அதற்கப்புறம். போன மாதம் டேப்பட், அதாவது வால்வுகளுக்கு விடும் இடைவெளி, முழுக்க நானே வைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, இடைவெளி அளக்கும் பீலர் கேஜைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட்டு. இன்னும் ஒருவாட்டி பாரு கண்ணு."

இஞ்சினை நிறுத்தி, சூடு இறங்கும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்தேன். அவர் சொன்ன இடத்தில் இடைவெளி ஒரு மயிரிழை அதிகமாக இருந்தது.