முதல் நாள் போக்கர்: ஃபைவ் கார்டு டிராவா, டெக்ஸாஸ் ஹோல்டெமா?

போக்கர் அறியாத நான்கைந்து நண்பர்கள் பணம் வைக்காமல், சில்லுகளை மட்டும் வைத்து வீட்டில் ஆடிப் பழக விரும்பினால், அவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய ஃபைவ் கார்டு டிரா. மற்றொன்று, இன்று போக்கர் என்றாலே பலரும் மனத்தில் கொள்ளும் டெக்ஸாஸ் ஹோல்டெம். லாஸ் வேகாஸில் 1970இல் தொடங்கிய வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டி ஹோல்டெமிலேயே நடைபெறுவதால், புதியவர்களும் நேராக அதற்கே போய்விடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரத்திற்கு அது பொருத்தமான தேர்வு அன்று என்பது என் கருத்து.

இவ்விரண்டில் எந்த ஆட்டமானாலும் கைகளின், அதாவது ஒருவருக்குச் சேரும் ஐந்து சீட்டுகளின், வரிசை ஒன்றே. ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, தொடர்ச்சியாக ஐந்து வரும் ஸ்ட்ரெய்ட், ஐந்தும் ஒரே சின்னமான ஃபிளஷ், மூன்றும் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே எண்ணில் நான்கு, ஸ்ட்ரெய்ட் ஃபிளஷ் என்று அது ஏறிச் செல்கிறது. மூன்று சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே ஒருமுறையாவது வாக்குவாதம் செய்வார்கள். ஏனெனில் அங்கே தொடர்ச்சி, ஒரே சின்னத்தை வெல்லும். மூன்று சீட்டில் தொடர்ச்சி 720 விதமாகவும் ஒரே சின்னம் 1,096 விதமாகவும் அமைகின்றன. ஐந்து சீட்டிலோ மொத்தமுள்ள 25,98,960 கைகளில் ஸ்ட்ரெய்ட் 10,200, ஃபிளஷ் 5,108 மட்டுமே. அரிதாக அமைவதே மேலே நிற்கிறது.

இந்த வரிசையை மனத்தில் பதிய வைப்பதில் டிராவுக்கு இணையில்லை. எல்லோரும் தொடக்கத்தில் ஒரு சில்லு வைக்க, ஆளுக்கு ஐந்து சீட்டு போடப்படும். ஒரு பந்தயச் சுற்று முடிந்ததும் வேண்டாதவற்றை, பொதுவாக மூன்று வரை, கீழே போட்டுப் புதிதாக வாங்கிக்கொண்டு, இன்னொரு சுற்றுப் பந்தயத்திற்குப் பின் கையைக் காட்டலாம். ரம்மி ஆடியவர்களுக்கு இது பழகிய செயலே. சாத்தியக் கணக்கும் இங்கே எளிது: ஒரே சின்னத்தில் நான்கு இருக்க, ஐந்தாவதற்காக ஒரு சீட்டு வாங்கினால், காணாத 47 சீட்டுகளில் 9 உதவும், ஸ்ட்ரெய்ட்டின் நடுவில் விடுபட்ட ஒன்றுக்காக வாங்கினால் 4 மட்டுமே உதவும். இரண்டாவதை நம்பிச் சில்லுகளை இழக்காத புதியவர் அரிது.

ஆனால் டிரா விரைவில் அலுத்துவிடும். எதிரில் இருப்பவரின் பந்தயத்தைத் தவிர, அவர் எத்தனை சீட்டு மாற்றினார் என்பது ஒன்றே நமக்குக் கிடைக்கும் தடயம். மூன்று மாற்றினால் ஜோடி வைத்திருக்கக்கூடும், ஒன்றும் மாற்றாவிட்டால் நல்ல கை அல்லது நல்ல நடிப்பு. அதற்கு மேல் ஊகிக்க இடமில்லை.

ஹோல்டெமின் வளம் அங்கேதான் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தும் வைக்கப்படுவதால், நான்கு பந்தயச் சுற்றுகளில் கடைசி மூன்றிலும் மேசையைப் பார்த்துப் பிறர் கையைக் கணிக்க முடிகிறது. மேசையில் ஒரே சின்னத்தில் மூன்று இல்லையென்றால் எவரிடமும் ஃபிளஷ் இருக்க முடியாது என்று ஒருவர் தாமாகவே கண்டுகொள்ளும் தருணத்தில் போக்கர் அவருக்குப் புரியத் தொடங்குகிறது. இதன் விலை குழப்பம். ஏழில் சிறந்த ஐந்து மட்டுமே கணக்கு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். மேசையில் இரண்டு ராஜா, இரண்டு 7, ஓர் ஏஸ் இருக்க, ஒருவரிடம் 5 ஜோடியும் இன்னொருவரிடம் 4 ஜோடியும் இருந்தால் வென்றவர் யாருமில்லை. இருவரின் சிறந்த ஐந்தும் மேசையில் உள்ளவையே என்பதால் நடுவில் சேர்ந்த சில்லுகளைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். முதல் சில ஆட்டங்களில் எல்லாச் சீட்டுகளையும் திறந்தே வைத்து ஆடுவது இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கும்.

பந்தய முறையில் நான் தயக்கமின்றி ஒரு பக்கம் சாய்வேன். எவ்வளவும் வைக்கலாம் என்னும் நோ லிமிட் முறையில் ஒருவர் தம்மிடமுள்ள எல்லாச் சில்லுகளையும் ஒரே மூச்சில் தள்ளித் தோற்று, மீதி மாலை முழுவதும் வேடிக்கை பார்க்க நேரிடும். முதல் இரண்டு சுற்றுகளில் 2, அடுத்த இரண்டில் 4 என்று கட்டும் ஃபிக்ஸட் லிமிட் பழகுபவர்களுக்கு மேல். அதேபோல், தீர்ந்தவருக்கெல்லாம் கேட்ட உடனே சில்லு கொடுக்கக் கூடாது. இழப்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் ஃபோல்ட் செய்ய, அதாவது சீட்டைக் கீழே போட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக, எவருக்கும் மனம் வராது. பொய்யாகப் பந்தயத்தை உயர்த்துவதும் எடுபடாது.

ஆகவே ஆறு பேர் வரை இருந்தால் டிராவில் தொடங்கி, வரிசை மனத்தில் பதிந்ததும் அன்றே ஹோல்டெமுக்கு மாறிவிடலாம். ஏழு பேர் கூடினால் டிராவில் முதலிலேயே 35 சீட்டு போய்விடும். ஆளுக்கு மூன்று மாற்ற 21 தேவைப்பட, கட்டில் 17 மட்டுமே மிஞ்சும். அப்போது நேராக ஹோல்டெமில் இறங்குவதே வசதி.