வீட்டு ஒயின் கணக்கு: ஃபெர்ம்கால்க், புரூவர்ஸ் ஃபிரண்ட், சொந்த விரிதாள்

பினாங்கில் கிறிஸ்துமஸுக்காகத் திராட்சையையோ அன்னாசியையோ ஊறப்போட்டு ஒயின் எடுக்கும் தமிழ்க் குடும்பங்களில், சர்க்கரையின் அளவு பெரும்பாலும் கைப்பக்குவத்துக்கே விடப்படுகிறது. கணக்கிட்டுப் போட விரும்புவோர் ஒயினுக்கென்றே அமைந்த ஃபெர்ம்கால்க் என்னும் கணிப்பான், பியரை மையமாகக் கொண்ட புரூவர்ஸ் ஃபிரண்ட் இணையதளம், தாமே எழுதிக்கொள்ளும் எக்செல் விரிதாள் ஆகியவற்றுள் ஒன்றைத் தேரலாம். (மலேசியாவில் மதுபானத் தயாரிப்பு 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்துக்கு உட்பட்டது, தொடங்கும் முன் சுங்கத் துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.)

விரிதாளின் அடிப்படை எளியது: லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 12 விழுக்காட்டில் 5 லிட்டர் வேண்டுமானால் மொத்தம் 1,020 கிராம் தேவை. 13 பிரிக்ஸ் (100 கிராம் சாற்றில் 13 கிராம் சர்க்கரை) உள்ள 3 லிட்டர் அன்னாசிச் சாற்றில் 410 கிராம் இருப்பதால், மீதி 610 கிராமைச் சேர்க்க வேண்டும். ஆனால் சாற்றோடு 2 லிட்டர் தண்ணீரை ஊற்றிவிட்டு அதன்மேல் சர்க்கரையைக் கொட்டினால், கரைந்த சர்க்கரையும் இடம் பிடித்துக்கொண்டு அளவு 5.4 லிட்டரை நெருங்கும். ஆல்கஹாலும் 11 விழுக்காட்டுப் பக்கம் இறங்கிவிடும். அவசரத்தில் எழுதிய விரிதாள்கள் விட்டுவிடுவது இதைத்தான். சர்க்கரை சேர்ப்பதற்கென்றே தனிக் கணக்கு வைத்திருக்கும் ஃபெர்ம்கால்க் இங்கே தெளிவாக முந்துகிறது.

புரூவர்ஸ் ஃபிரண்டின் செய்முறைப் பக்கம் பியருக்கான தானியத்துக்கும், அதற்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களுக்கும் உரியது. பழம் ஊறப்போடுபவருக்கு அதில் வேலை குறைவு. அதன் ஆல்கஹால் கணிப்பானோ இரண்டு சூத்திரங்களைத் தருகிறது. ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) நொதிக்கையில் 1.090இலிருந்து 0.996க்கு இறங்கிய ஒயினுக்கு எளிய சூத்திரம் 12.3 விழுக்காடு என்றும், மாற்றுச் சூத்திரம் 13.1 என்றும் சொல்லும். பியரின் அடர்த்தியில் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு ஒயினின் அடர்த்தியில் வெளிப்படுவதால், இங்கே மாற்றுச் சூத்திரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இறக்கத்தை 131.25ஆல் பெருக்கும் எளிய சூத்திரத்தோடு நின்றுவிட்ட விரிதாளுக்கும் இது பொருந்தும்.

நம் ஊர் வெப்பம் தனிச் சிக்கல். ஒப்படர்த்தியை அளக்கும் மிதவைக் கருவிகளான ஹைட்ரோமீட்டர்கள் பலவும் 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. 30 டிகிரிச் சமையலறையில் அவை ஏறக்குறைய 0.0025 குறைத்துக் காட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் அதே வெப்பநிலை என்றால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த சாற்றைத் தொடக்கத்தில் அளந்து, முடிவை அறை வெப்பத்தில் அளந்தால் கழியாது. அரை விழுக்காடு கூடுதலாகத் தெரியும். ஆகவே வெப்பநிலையைக் கேட்காத எந்தக் கணிப்பானையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் சல்பைட்டின் அளவைக் கணிக்க ஃபெர்ம்கால்க்கே என் தேர்வு, ஏனெனில் அமிலத்தன்மையைப் பொறுத்துத் தேவை பெரிதும் மாறுகிறது. பிஎச் 3.2இல் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கட்டற்ற (ஒயினிலுள்ள பிறவற்றோடு பிணையாத) கந்தக டைஆக்சைடு போதுமென்றால், 3.6இல் 50 வேண்டும். 5 லிட்டருக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டாக இவை முறையே 0.17 கிராமும் 0.43 கிராமும் ஆகும். சமையலறைத் தராசு இந்த எடைக்கு உதவாது. 10 கிராமைக் கரைத்து 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி, அதிலிருந்து 1.7 அல்லது 4.3 மில்லிலிட்டரைச் சிரிஞ்சால் எடுத்துச் சேர்க்கலாம்.